ஹோம்புஷ் ஆலையும் தமிழர் வீட்டுத் தட்டுகளும்

சிட்னி மாநகரின் நடுவிலிருந்து மேற்கே பரமட்டாவை நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையில், ரயில் பாதைக்குச் சமீபமாக, ஹோம்புஷ் என்னும் புறநகரில் கொலம்பியா லேன் என்று ஒரு சந்து இருக்கிறது. இன்று அந்தப் பக்கமெல்லாம் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழும்பி வருகின்றன. அவற்றில் வசிப்பவர்களில் பலர் சமீப காலத்தில் வந்து சேர்ந்தவர்கள் ஆகையால், அச்சந்துக்கு அப்பெயர் ஏற்பட்ட காரணத்தை அவர்கள் விசாரிக்க நேர்ந்திராது. 1926-ஆம் ஆண்டில் கொலம்பியா கிராபோபோன் கம்பெனியார் அங்கே ஓர் இசைத்தட்டு ஆலையைக் கட்டி, அதனோடு ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றையும் அமைத்தார்கள் என்பதும், அவர்களுடைய போட்டியாளரும் நாய்ச் சின்னத்தால் உலகப் பிரசித்தி பெற்றவர்களுமான ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ் கம்பெனியார் அதே ஆண்டில் நகரத்துக்கு இன்னும் அருகே எர்ஸ்கின்வில்லில் தங்கள் ஆலையைத் திறந்தார்கள் என்பதும், 1931-இல் இவ்விரு கம்பெனிகளும் இங்கிலாந்தில் ஒன்றுகூடி ஈ.எம்.ஐ. என்ற பெயர் பூண்ட பிறகு ஹோம்புஷ் ஆலையே இருவர் தட்டுகளுக்கும் உரிய இடமாயிற்று என்பதும், ஆஸ்திரேலிய சங்கீத வரலாற்றில் சிரத்தையுள்ளவர்களுக்குத் தெரிந்த செய்திகள். டெக்ஸ் மார்ட்டன் 1936-இலும், ஸ்லிம் டஸ்டி 1946-இலும் அங்கே பாடிப் பதிவு செய்த பாட்டுகள் அந்நாட்டுக் கிராமிய சங்கீதத்துக்கு அஸ்திவாரமாக மதிக்கப்படுகின்றன.

அதே ஹோம்புஷ்தான் பின்னொரு காலத்தில் சிட்னித் தமிழர்கள் திரளாகக் குடியேறி, மளிகைக் கடைகளும் உணவுக் கடைகளும் தமிழ்ப் பள்ளியும் நடத்தும் ஊராக ஆயிற்று. தட்டு அச்சடித்த ஊரிலேயே, தட்டுகளைப் பெட்டியில் பத்திரப்படுத்திக் கடல் கடந்து கொண்டுவந்த குடும்பங்கள் வந்து தங்கின என்பதை வெறும் தற்செயல் என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அவ்வாலையில் பிறந்த தட்டின் உடம்பிலேயே நம் தேசத்தின் அம்சம் ஒன்று கலந்திருந்தது. நிமிஷத்துக்கு 78 தடவை சுழன்ற அக்காலத் தட்டு, கல் மாவும் கரியும் அரக்கும் கூட்டிக் காய்ச்சி அழுத்தப்பட்டது. உலகத்து ஆலைகளுக்கு வேண்டிய அரக்கில் மிகப் பெரும்பகுதி, பீகார், மத்திய மாகாணம் முதலிய பிரதேசங்களின் காடுகளில் புரசு மரத்திலும் இலந்தை மரத்திலும் சிறு பூச்சிகள் சுரந்து வைத்ததை ஏழை மக்கள் சுரண்டிச் சேர்த்ததேயாகும். லண்டன் பாட்டானாலும் சிட்னிப் பாட்டானாலும், அதைத் தாங்கிய பிசின் இந்தியாவினுடையது.

சிட்னி ஆலைகளுக்குச் சற்று முன்பே மெல்போர்ன் நகரத்தில் ஒரு விசித்திரமான முயற்சி நடந்தது. பெம்பர்ட்டன் பில்லிங் என்ற ஆங்கிலேயர், விமான நிர்மாணத்திலும் பார்லிமெண்ட் அரசியலிலும் புகுந்து புறப்பட்டவர், ஆஸ்திரேலியாவுக்கு வந்து, பிரைட்டன் என்னும் கடலோரப் பேட்டையில் 'வேர்ல்டு ரெக்கார்டு' கம்பெனியை ஏற்படுத்தினார். சாதாரணத் தட்டில் முள் விளிம்பருகே வேகமாகவும் மையத்தருகே மெதுவாகவும் கோட்டைக் கடக்கிறது. அதனால் விளிம்பில் இடம் வீணாகிறது. பில்லிங்கின் தட்டு விளிம்பில் மெல்லச் சுழன்று, உள்ளே போகப் போக விரைந்து சுழலும். ஆகவே ஒரே தட்டில் பல மடங்கு நேரம் பாட்டைப் பதிக்கலாம். கிராமபோனில் பொருத்திக்கொள்ள அதற்கென்று தனிக் கருவி ஒன்று வேண்டியிருந்தது, ஜனங்கள் அதை ஏற்கவில்லை, கம்பெனி நிலைக்கவில்லை. ஆனால் 1982-இல் கடைக்கு வந்த காம்பாக்ட் டிஸ்க் அதே தத்துவத்தைத்தான் கைக்கொண்டது.

நம் பக்கத்துக் கதையைப் பார்ப்போம். பின்னாளில் ஹிஸ் மாஸ்டர்ஸ் வாய்ஸ் என்ற பெயரால் அறியப்பட்ட கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் பிரெட் கெய்ஸ்பர்க், 1902 நவம்பரில் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜானைப் பாடவைத்துப் பதிந்தபோது, மெழுகுத் தகடுகள் கப்பலேறி ஜெர்மனியில் ஹனோவர் ஆலைக்குச் சென்று, தட்டாகி, மீண்டும் கப்பலேறி இந்தியாவுக்கு வந்தன. அங்கே லேபிள் ஒட்டுகிறவர்களுக்கு ஹிந்துஸ்தானியும் தெரியாது, தமிழும் தெரியாது. பாடியவர் யார் என்ற குழப்பம் வாராதிருக்க, பாட்டின் முடிவில் பாடகரே தம் பெயரை உரக்கச் சொல்லும் வழக்கம் ஏற்பட்டது. கௌஹர் ஜான் தம் பெயரை ஆங்கிலத்தில் அறிவித்த அந்தக் கணீரென்ற குரலை இன்றும் கேட்கலாம். 1908-இல் கல்கத்தா சியால்தாவில் அக்கம்பெனியின் ஆலை வந்தது. 1928-இல் டம்டம்மில் பெரிய ஆலை எழுந்தது. எர்ஸ்கின்வில் ஆலையும் டம்டம் ஆலையும் ஒரே தாய்க் கம்பெனிக்கு இரண்டாண்டு இடைவெளியில் பிறந்த குழந்தைகள். சென்னையில் 1930-களின் தொடக்கத்தில் ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் முதலியோர் நடத்திய சரஸ்வதி ஸ்டோர்ஸ், ஜெர்மானிய ஓடியன் கம்பெனியுடன் சேர்ந்து தமிழ்த் தட்டுகளை வெளியிட்டது. நாடக மேடையில் கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் பாடிய பாட்டுகள், அந்நாடகத்தை ஒருபோதும் பார்த்திராத சிற்றூர்களுக்கும் தட்டு வழியே போய்ச் சேர்ந்தன. தம் வீட்டுக் கூடத்துக்கு வெளியே வீணையை அதிகம் எடுத்துச் செல்லாத தனம்மாளின் வாசிப்பு, கொலம்பியா தட்டுகளில் நிமிஷக் கணக்கில் தங்கியதால்தான் நமக்கு மிஞ்சியது.

மிஞ்சியது என்று சொன்னேன். மிஞ்சாதது அதைவிட அதிகம். விற்பனை ஓய்ந்த தட்டுகளின் உலோக அச்சுகளை உருக்கி வேறு காரியத்துக்கு உபயோகிப்பது அக்காலத் தொழிலில் சாதாரணம். பழைய தட்டுகளையே நொறுக்கிப் புதிய தட்டுக்குக் கூழாக்குவதும் உண்டு. பாடியவர்கள் தங்கள் பாட்டுக்கு ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு போனார்கள், கம்பெனிகள் கைமாறின, பேரேடுகள் சிதறின. ஆகவே இசைத்தட்டின் சரித்திரத்தை ஆலைகளின் சரித்திரமாக எழுதுவது எளிதென்றாலும், ஒலி காப்பாற்றப்பட்ட சரித்திரம் பெரும்பாலும் வீடுகளுடையது. அலமாரியின் மேல்தட்டிலும், கட்டிலடிப் பெட்டியிலும், பழம்புடவைகளுக்கு நடுவிலும் யாரோ ஒருவர் தூக்கியெறிய மனமின்றி வைத்திருந்த தட்டுகளே, பிற்பாடு ஆராய்ச்சியாளர் கையில் ஆதாரங்களாயின.

அந்த ஆராய்ச்சியாளருள் தலைசிறந்த ஒருவர் மெல்போர்ன்காரர் என்பது நம்மவர் பலருக்குத் தெரியாது. மைக்கேல் கின்னியர் என்பது அவர் பெயர். இந்தியச் சங்கீதத்தின் மீது கொண்ட ஈடுபாட்டால், ஹிந்துஸ்தானி, கர்நாடக இசைத்தட்டுகளின் அட்டவணை ஒன்றைத் தொகுத்து 1985-இல் வெளியிட்டார். 1899 முதல் 1908 வரை கிராமபோன் கம்பெனி இந்தியாவுக்கென்று பதிந்த தட்டுகளை எண் எண்ணாக வரிசைப்படுத்திய நூலை 1994-இல் பம்பாய்ப் பாப்புலர் பிரகாஷன் பதிப்பித்தது. அடுத்த ஆண்டுகளின் தட்டுகளைப் பற்றிய தொடர்ச்சியை மெல்போர்னின் ஹைடல்பர்க் பகுதியிலிருந்து 'பாஜாகானா' என்ற தம் சொந்தப் பதிப்பகத்தின் மூலம் 2000-இல் வெளியிட்டார். 1990-இல் பம்பாயில் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்போர் சங்கம் உருவானபோது அதற்குத் தூண்டுகோலாக இருந்தவர்களிலும் அவர் ஒருவர். நம் ஊர் வித்வான்கள், தாசிகுலத்து விதூஷிகள், நாடக ராஜபார்ட்டுகள் எந்த ஆண்டில் எந்த நகரத்தில் எந்த அதிகாரியின் முன்னால் பாடினார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள இன்று ஒருவர் விரும்பினால், சமுத்திரத்துக்கு அப்பால் தென்கோடியில் அமர்ந்து ஒரு தனி மனிதர் செய்த பக்கங்களைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது. சர்வகலாசாலைகளும் சபைகளும் கைவைக்காத வேலையை, எண்களில் அலுப்புக் கொள்ளாத ஓர் அன்பு நிறைவேற்றியது. நூலில் எண்தான் பிரதானம்: லேபிளில் அச்சிட்ட வரிசை எண் ஒன்று, லேபிளுக்கு வெளியே, பாட்டு முடிந்து முள் ஓடும் வெற்றிடத்தில், அரக்கிலேயே பதிந்திருக்கும் மேட்ரிக்ஸ் எண் மற்றொன்று. லேபிள் கிழிந்துபோனாலும் பின்னது அழிவதில்லை. அந்தச் சிற்றெழுத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் படிக்கத் தெரிந்தவருக்குத் தட்டின் ஜாதகமே கைக்கு வந்துவிடும்.

இத்தட்டுகளின் ஒலி இன்று போய்ச் சேரும் கணினிக்கு இனி வருவோம். இதிலும் சிட்னிக்கு ஓர் அபூர்வமான முதன்மை உண்டு. அந்நகரத்துச் சர்வகலாசாலை வளாகத்திலிருந்த அரசாங்க விஞ்ஞானக் கூடத்தில், டிரெவர் பியர்சி முதலியோர் கட்டி 1949-இல் முதன்முறை ஓடவிட்ட யந்திரம், பிற்காலத்தில் சைராக் என்று பெயர் பெற்றது. ஜெஃப் ஹில் என்ற கணித நிபுணர் அதற்கு எழுதிய கட்டளைகளைக்கொண்டு, 1951 ஆகஸ்டில் சிட்னியில் கூடிய கணிப்பொறி மகாநாட்டில் அது 'கர்னல் போகி' என்னும் அணிவகுப்பு மெட்டை ஒலிபெருக்கியில் வாசித்துக் காட்டியது. 1955-இல் அது மெல்போர்ன் சர்வகலாசாலைக்குக் கொண்டுபோகப்பட்டு, 1964 வரை வேலை செய்தது; உலகின் முதல் தலைமுறைக் கணினிகளில் உடல் குலையாமல் இன்றும் இருப்பவற்றுள் அது ஒன்று. ஆனால் யந்திரம் இருக்கிறதே தவிர, அன்று அது வாசித்த பாட்டு இல்லை; ஒருவரும் அதைப் பதிந்து வைக்கவில்லை. அதே 1951-இல் இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்துக் கணினி யந்திரம் ஒன்று வாசித்ததையோ பி.பி.சி.யார் ஓர் அசிடேட் தட்டில் பதிந்துவிட்டபடியால், கணினிச் சங்கீதத்தின் மிகப் பழைய சாட்சியாக அத்தட்டே நிற்கிறது.

பிறகு 1979-இல், பீட்டர் வோகல், கிம் ரைரீ என்னும் இரண்டு சிட்னி இளைஞர்கள், துறைமுகத்தில் ஓடிய ஒரு விசைப்படகின் பெயரால் பேர்லைட் என்றழைக்கப்பட்ட வாத்தியத்தை வெளியிட்டார்கள். இயற்கையான ஓர் ஒலியை எண்களாக்கி நினைவில் வைத்துக்கொண்டு, கட்டையை அழுத்தும்போது எந்த ஸ்வரத்திலும் திருப்பிக் கொடுக்கும் யந்திரம் அது. அதன் ஒலிச் சேமிப்பில் மிகவும் புகழ்பெற்ற ஒன்று, வாத்தியக் கோஷ்டி முழுவதும் ஒரே தட்டலில் முழங்கும் ஓசை. ரஷ்ய சங்கீத கர்த்தா ஸ்ட்ராவின்ஸ்கியின் 'அக்கினிப் பறவை'யிலிருந்து அதை வோகல் எடுத்தது ஓர் எல்.பி. இசைத்தட்டின் வழியாகத்தான். டர்ன்டேபிளில் சுழன்ற தட்டிலிருந்து ஒரு கணத்து ஓசை கணினிக்குள் சென்று, அங்கிருந்து நியூயார்க்கின் நடனக் கூடங்கள் வரைக்கும் போயிற்று. இன்று சிட்னியிலும் மெல்போர்னிலும் குடும்பஸ்தர்கள் ஓய்வு நாட்களில் பழைய தட்டுகளைக் கணினியில் ஏற்றும் காரியத்துக்கு, பெரும் பொருட்செலவில் நடந்த முன்னோட்டம் அது.

தமிழர்கள் இந்நகரங்களுக்கு வந்த விதம் யாவரும் அறிந்ததே. குடியேற்றத்தில் நிறபேதம் பாராட்டும் கொள்கை 1973-இல் நீங்கிய பின் படித்த உத்தியோகஸ்தர்கள் சிலரும், இலங்கையில் 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் அகதிகளாகப் பலரும், அதன் பிறகு தமிழ்நாட்டிலிருந்து கணினித் தொழிலுக்காக இன்னும் பலரும் வந்தார்கள். 2021-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி ஆஸ்திரேலியாவில் வீட்டில் தமிழ் பேசுவோர் ஏறத்தாழ 95,000 பேர். வந்தவர்கள் எதைக் கொண்டுவந்தார்கள் என்பதை விமானக் கம்பெனியின் எடைக் கணக்கே பெரும்பாலும் தீர்மானித்தது. அரக்குத் தட்டு கனமானது. கை தவறினால் அப்பளமாக நொறுங்குவது. ஆகவே பழைய 78 தட்டுகளில் வெகு சிலவே இங்கு வந்து சேர்ந்தன. வினைல் எல்.பி.களும், சினிமாப் பாட்டு ஈ.பி.களும் வந்தன, எம். எஸ். சுப்புலட்சுமியின் குரலில் 1963-இல் வெளியான சுப்ரபாதத் தட்டு பல வீடுகளில் பூஜையறைச் சாமான்களோடு சாமானாக வந்தது. அவற்றோடு, ஒலிநாடாக்கள் மூட்டை மூட்டையாக வந்தன. யாழ்ப்பாணத்தாருக்கு இத்தட்டுகளின் மீதிருந்த பற்றுக்கு மேலும் ஒரு காரணம் உண்டு. 1981-இல் யாழ் பொது நூலகம் எரிந்ததைக் கண்ணால் பார்த்த தலைமுறை அது. கட்டிடத்தில் சேர்த்து வைத்தது போய்விடலாம் என்பதை அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டில் பிரதி எடுப்பதைப் பற்றி ஆஸ்திரேலியச் சட்டம் நடந்துவந்த பாதையும் சரித்திரத்தில் சேர்ந்ததே. சொந்தக் காசில் வாங்கிய தட்டைச் சொந்த ஒலிநாடாவில் பதிந்துகொள்வதும் வெகு காலம் சட்டவிரோதமாகவே இருந்தது. அதைச் செய்யாத வீடும் இல்லை, அதற்காகத் தண்டிக்கப்பட்ட வீடும் இல்லை. 1989-இல் பார்லிமெண்ட் ஒரு சமரசம் கண்டது: வெற்று நாடா விற்பவர்கள் ஒரு தொகையைச் செலுத்த வேண்டும், அது பாட்டுக்கு உரியவர்களுக்குப் போக வேண்டும், வீட்டில் பதிவோர் குற்றமற்றவர். நாடா உற்பத்தியாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். அத்தொகை உண்மையில் ஒரு வரியென்றும், வரி விதிக்க வேண்டிய முறைப்படி அது விதிக்கப்படவில்லையென்றும் 1993-இல் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் செய்து திட்டத்தைத் தள்ளிவிட்டது. 2006-இல்தான் திருத்தச் சட்டம் வந்து, தட்டின் சொந்தக்காரர் தம் சொந்த உபயோகத்துக்கும் குடும்ப உபயோகத்துக்குமாக அதை வேறு வடிவத்தில் பிரதி செய்துகொள்ளலாம் என்றது. ஒரு நிபந்தனை உண்டு: மூலத் தட்டை விற்றுவிட்டால் பிரதியின் உரிமையும் போய்விடும். கணினிக்குள் ஏற்றியாயிற்று, இனித் தட்டு எதற்கு என்று பழைய சாமான் கடையில் போடுகிறவர்கள், ஞாபகத்தை மட்டுமல்ல, சட்டத்தின் காப்பையும் சேர்த்துப் போட்டுவிடுகிறார்கள். இது நல்ல நிபந்தனை என்பது என் கருத்து. மூலம் இருக்கும் வரையில், நாளை இதைவிடச் சிறந்த கருவி வந்தால் மீண்டும் பிரதி எடுக்கலாம்.

தட்டைக் கணினியில் ஏற்றும் காரியம் நடைபெறும் விதத்தைச் சற்று விவரமாகச் சொல்ல வேண்டும். டர்ன்டேபிளின் முள் தட்டின் கோட்டில் ஓடும்போது உண்டாகும் மின்னோட்டம் மிகச் சன்னமானது. அதைப் பெருக்கிக் கொடுக்க ஒரு சிறு பெருக்கி வேண்டும். பெருக்குவது மட்டும் அதன் வேலையன்று. எல்.பி. தட்டை வெட்டும்போது, கோடு அகன்று பக்கத்துக் கோட்டில் இடித்துவிடாதிருக்க மந்தர ஒலிகளைக் குறைத்தும், இரைச்சலை மூழ்கடிக்க உச்ச ஒலிகளைக் கூட்டியும் வெட்டுவார்கள். 1954-இல் இதற்கென்று கம்பெனிகள் ஒரு பொது அளவை ஒப்புக்கொண்டன. கேட்கும்போது அதைத் தலைகீழாகத் திருப்பிச் சமன்செய்வதும் இப்பெருக்கியின் கடமை. அதிலிருந்து கம்பி, கன்வெர்ட்டர் என்னும் சிறு பெட்டிக்குப் போகிறது. அது வினாடிக்கு 44,100 தடவை மின்னோட்டத்தை அளந்து, ஒவ்வோர் அளவையும் 65,536 படிகளில் ஒன்றாகக் குறித்து, யு.எஸ்.பி. வழியே கணினிக்கு அனுப்புகிறது. இது காம்பாக்ட் டிஸ்கின் அளவு. இப்படிப் பதிந்தால் நிமிஷத்துக்கு 10 மெகாபைட், எல்.பி.யின் ஒரு பக்கத்துக்குச் சுமார் 200 மெகாபைட் இடம் பிடிக்கும். ஆவணக் காப்பகங்களோ வினாடிக்கு 96,000 அளவுகளை, இன்னும் நுண்ணிய படிகளில், விரும்புகின்றன. இடம் மூன்று மடங்குக்கு மேல் ஆகும். வட்டுகளின் விலை இறங்கிவிட்ட இக்காலத்தில் இதில் சிக்கனம் பிடிக்க நியாயமில்லை. கணினியில் பதிந்துகொள்ள 2000-இல் இலவசமாக வெளியான ஆடாசிட்டி போன்ற நிரல்கள் தாராளமாகப் போதும்.

கருவிகளைவிடக் கைப்பக்குவம் முக்கியம். வினைல் தட்டைத் துடைக்கச் சற்று ஸ்பிரிட் கலந்த நீர் உதவும். அதே நீர் அரக்குத் தட்டில் பட்டால் தட்டே கரையத் தொடங்கும், ஏனெனில் அரக்கைக் கரைப்பதுதான் ஸ்பிரிட்டின் குணம். எல்.பி.க்கான முள்ளை 78 தட்டில் வைத்தால், அகன்ற கோட்டின் சுவரைத் தொடாமல் அடியில் கிடக்கும் அழுக்கில் உழுதுகொண்டு போகும். மூன்று நான்கு மடங்கு பருத்த நுனியுள்ள தனி முள் அதற்கு வேண்டும். டர்ன்டேபிளில் 78 வேகமே இல்லையென்றால் 45-இல் ஓட்டிப் பதிந்துகொண்டு கணினியில் வேகத்தைக் கூட்டிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அவசரத்துக்கு அது ஆகும். ஆனால் சமன்செய்யும் அளவு இடம் பிசகிப்போவதால் குரலின் நிறம் மாறிவிடும்.

வேகத்தைப் பற்றி நம் சங்கீதத்தில் பழகியவர்கள் விசேஷ ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். 78 என்பது பிற்காலத்தில் நிலைத்த அளவு. தொடக்க காலத் தட்டுகள் எழுபதுக்குச் சற்று மேலும் எண்பதுக்குச் சற்று மேலுமாகப் பல வேகங்களில் வெட்டப்பட்டவை. 74-இல் வெட்டிய தட்டை 78-இல் சுழற்றினால் சுருதி ஏறக்குறைய அரைக்கட்டை ஏறிவிடும். காலப்பிரமாணமும் கூடவே துரிதப்படும். குரலில் இல்லாத ஒரு மெல்லிய கீச்சு வந்து சேரும். கேட்பவர், அக்காலத்தவர் அசாத்திய உச்சத்தில் பாடினார்கள் என்றோ, பிருகாக்கள் மின்னல் வேகத்தில் உதிர்ந்தன என்றோ தீர்மானித்துவிடுவார். அந்தத் தீர்மானம் பிறகு கட்டுரைகளிலும் ஏறிவிடும். கிட்டப்பாவைப் போல உண்மையாகவே உச்ச ஸ்தாயியில் சஞ்சரித்தவர்களுக்கும் இதனால் அநியாயம்தான், ஏனெனில் அவர் பெருமை யந்திரக் கோளாறோ என்ற சந்தேகத்துக்கு இடமாகிறது. நாடகப் பாட்டுத் தட்டுகளில் ஓர் உபாயம் உண்டு: பின்னே ஒலிக்கும் ஹார்மோனியத்தின் ரீடுகள் பாடகர் குரலைப்போல் இஷ்டத்துக்கு ஏறி இறங்குவதில்லை, அந்த ஸ்வரங்கள் ஏதேனும் ஒரு கட்டையில் சரியாகப் பொருந்தும் வரையில் வேகத்தைத் திருத்திக்கொண்டு வந்தால் உண்மைக்கு வெகு அருகில் போய்விடலாம். மான்செஸ்டர் யந்திரத்தின் தட்டிலும் இதே குற்றம் இருந்தது. அந்த யந்திரம் எந்தெந்த அதிர்வெண்களை எழுப்ப வல்லது என்பதைக் கணக்கிட்டு, தட்டு தவறான வேகத்தில் ஓடிற்று என்று நிரூபித்து, 2016-இல் நியூஸீலாந்து அறிஞர்கள் அதைத் திருத்தினார்கள்.

ஹோம்புஷ்ஷில் ஒரு வீட்டில், யாழ்ப்பாணத்திலிருந்து சேலைகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவரப்பட்ட சுந்தராம்பாள் தட்டு ஒன்றைக் கணினியில் ஏற்ற நான் உதவியாக இருந்தேன். விளிம்பிலிருந்து உள்நோக்கி விரலகலத்துக்கு ஒரு விரிசல். அதைக் கடக்கும்போதெல்லாம் முள் 'டக்' என்று குதித்தது. திரையில் அந்த ஒவ்வொரு குதிப்பும் வேலிக்கம்பங்களைப்போல ஒரே இடைவெளியில் எழுந்து நின்றது. வீட்டுப் பிள்ளை அக்கம்பங்களை நிரலின் உதவியால் ஒன்றொன்றாக நீக்கிவிட்டு, மேலே படர்ந்திருந்த உஸ்ஸென்ற ஓசையையும் ஒரேயடியாகத் துடைத்தெடுத்தார். பாட்டு சுத்தமாயிற்று, ஆனால் சொற்களின் முனை மழுங்கி, சகரமும் தகரமும் உதிர்ந்துவிட்டன. கேட்டுக்கொண்டிருந்த அம்மையார் சொன்னார்: "தம்பி, அந்த இரைச்சலை முழுக்க எடுத்துப் போடாதேங்கோ. அதோட சேத்துத்தான் நாங்கள் ஐயாவோட இருந்து கேட்டனாங்கள்." காப்பக சாஸ்திரமும் வேறு காரணத்துக்காக இதையேதான் விதிக்கிறது. இரைச்சலைக் களையும் நிரல், இரைச்சல் எது, குரல் எது என்று யூகிக்கிறது, யூகம் தவறும் இடத்தில் குரலே போகிறது, போனது திரும்பாது. ஆகவே கைபடாத பிரதி ஒன்றை முதலில் தனியே பத்திரப்படுத்திக்கொண்டு, மெருகேற்றும் வேலையை இரண்டாவது பிரதியில்தான் செய்ய வேண்டும். நாங்களும் அவ்வாறே செய்தோம்.

ஒலியோடு விவரமும் போய்ச் சேர வேண்டும். இன்று பல வீடுகளில் 'ட்ராக் 01', 'ட்ராக் 02' என்ற பெயர்களோடு கணினியில் உறங்கும் பாட்டுகளைப் பார்க்கையில், லேபிள் இல்லாமல் ஹனோவரில் கிடந்த தட்டுகளின் நிலை எனக்கு நினைவுக்கு வருகிறது. கம்பெனியின் பெயர், லேபிள் எண், மேட்ரிக்ஸ் எண், ஓட்டிய வேகம், உபயோகித்த முள், இரண்டு பக்கத்து லேபிள்களின் புகைப்படம் ஆகிய இவற்றைப் பாட்டோடு அதே உறையில் வைப்பதற்குச் சில நிமிஷங்களே செல்லும். குரலைக் கேட்ட மாத்திரத்தில் பாடியவரையும், பாட்டின் தலைப்பைக் கொண்டு நாடகத்தையும், லேபிளின் நிறத்தைக் கொண்டு ஏறக்குறைய ஆண்டையும் சொல்லக்கூடிய தலைமுறை எண்பது வயதைக் கடந்துகொண்டிருக்கிறது; அவர்களைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு பிரதி எடுப்பதே உத்தமம்.

அந்த வீட்டில், தட்டு முடிந்து முள் வெற்றிடத்தில் ஓடத் தொடங்கிய பிறகு, ஒலிவாங்கி ஒன்றைக் கன்வெர்ட்டரில் சொருகி, பதிவை நிறுத்தாமல் அம்மையாரிடம் நீட்டினோம். பழைய பாடகர்கள் பாட்டின் கடைசியில் பெயர் சொன்னதுபோல அவரும் தம் பெயரையும், தட்டு எந்தக் கடையில் வாங்கப்பட்டது, கிராமபோனுக்குச் சாவி கொடுக்கும் உரிமை வீட்டில் யாருக்கு இருந்தது, எந்த ஆண்டு எந்தப் பெட்டியில் அது கடல் கடந்தது என்பவற்றையும் சொன்னார். அவர் பேசியது பாட்டைவிட நீளமாக அமைந்தது. அதையும் வெட்டாமல் அதே கோப்பில் வைத்திருக்கிறோம்.